யாப்பா

புதனும் சனியும்தான் லா காஞ்சா.
மற்ற நாளிலும் கடை உண்டு,
அது வெறும் கடைத்தெரு.
புதனும் சனியும்
கொச்சபாம்பா மொத்தமும் கூடையைத் தூக்கிக்கொண்டு
இங்கே வந்து மோதும்.

வந்த புதிதில், நெரிசலுக்குள்
"யாப்பா, யாப்பா" என்று ஒரு குரல்.
நம்மூர்க்காரர் யாரோ காலை இடித்துக்கொண்டார் என்று
சட்டெனத் திரும்பினேன்.
வெள்ளைத் தொப்பி வைத்த ஓர் அம்மாள்
வாங்கிய வெங்காயத்துக்கு மேல்
ஒரு வெங்காயம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொசுறுக்குக் கெச்சுவாவில் யாப்பா.
நன்றி சொல்லக் கற்றது
அதற்கு அப்புறம்தான்.

கிழங்குக்கு எனக்கு தோன்யா பசீலியா.
நீலத் தார்ப்பாய், நடுவில் அவள்,
சுற்றிலும் எட்டுக் குன்று உருளை.
சிவப்பில் ஒன்று, ஊதாவில் ஒன்று,
கூழாங்கல் போல் காய்ந்த சுன்யோ ஒன்று.
"கசேரா" என்பாள் என்னை.
நானும் அவளைக் கசேரா என்பேன்.
விற்பவளுக்கும் வாங்குபவளுக்கும் இங்கே ஒரே சொல்.
வாடிக்கை என்கிறோமே, அது மாதிரி;
ஆனால் அதைவிடக் கொஞ்சம்
கழுத்தைச் சுற்றியது.

ஒரு புதன், மழை.
மண் பரிசோதனைக் கூடத்தில் நேரமாகிவிட்டது.
வேன்காரர் என்னை மறுகோடியில் இறக்கிவிட்டார்.
யோவானா என்ற பெண், இருபது வயதுகூட இராது,
குடைக்குக் கீழே இடம் கொடுத்தாள்.
நான்கு ராத்தல் வாங்கினேன்.
அவ்வளவுதான் குற்றம்.

வீட்டுக்குப் போகும் வழியோ
பசீலியாவின் தார்ப்பாயை ஒட்டி.
கையிலோ கண்ணாடிப் பை.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை,
பையைப் பார்த்தாள்.
"நல்ல கிழங்கு" என்றாள்.
தள்ளுவண்டிக்காரன் "வழி, வழி" என்று
என் கணுக்காலில் ஏற்றினான்,
அதுவும் தகும் என்றே பட்டது.

சனிக்கிழமை
தராசு முள் இம்மி அசையாமல் நின்றது.
நான்கு ராத்தல் என்றால் நான்கு ராத்தல்.
ஒரு சிறு கிழங்கு கூடிப்போக,
அதை எடுத்துவிட்டு
அதைவிடச் சிறிதாய் ஒன்றைத் தேடி வைத்தாள்.
சில்லறையை எண்ணித் தந்தாள், ஐந்து சென்டாவோ உட்பட.
நேர்மை இவ்வளவு கொடுமையானது என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

அடுத்த புதனும் அப்படியே.
அதற்கடுத்த சனியும்.

பிறகு மலைப்பாதையில் சாலை மறியல்.
பதினோரு நாள் லாரி இறங்கவில்லை.
தார்ப்பாய்கள் சுருங்கின,
விலை தூனாரி மலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.
யோவானாவின் இடத்தில்
ஒரு நாய் படுத்திருந்தது.
பசீலியா எல்லோரிடமும் கையை விரித்தாள்:
"இல்லை கசேரா. தீர்ந்தது கசேரா."
நானும் நகரப் போனேன்.

"ஏய்."

அகலப் பாவாடையின் மடிப்பு ஒதுங்கியது.
அடியில் சாக்கு, சாக்குக்குள் முடிச்சு,
முடிச்சுக்குள் நான்கு ராத்தல்.
இரட்டை விலை சொன்னாள்.
பேரம் பேசவில்லை நான்,
அதற்கும் ஒரு முகம் வேண்டுமே.

பணத்தை எண்ணி மார்புக்குள் செருகியபின்
மண்வெட்டி பட்டுப் பாதி பிளந்த ஒரு கிழங்கை
பைக்குள் எறிந்தாள்.
பெயர் சொல்லவில்லை அதற்கு.

"அந்தப் பெண்ணிடம் வாங்கினாயே,
வெந்ததா?"

மாவாக வெந்தது.
உப்பு மட்டும் போட்டு, நின்றபடியே
நான்கையும் தின்று தீர்த்தேன்.

"எங்கே வெந்தது" என்றேன்.
"ஒரே தண்ணீர். பாதியைக் கொட்டிவிட்டேன்."

தங்கப் பல் தெரிந்தது.
இன்னொன்றும் விழுந்தது பையில்,
முழுசாக, வெட்டில்லாமல்.