கடன் வாங்கிய அழுக்கு

ராடிம் வீடு திரும்பி ஒன்பது நாள்.
நான் இரவு டிராம் ஓட்டப் போயிருந்தபோது
நிலவறைக்கு இறங்கி
வடிகட்டிப் பஞ்சைக் கழுவி வைத்திருக்கிறான்.
வெந்நீரில், குழாயடியில்,
மஞ்சள் தெரியும்வரை கசக்கி.
'உனக்கொரு வேலை மிச்சம்' என்று
தொட்டிக் கண்ணாடியில் சீட்டு வேறு.

முந்நூறு குஞ்சுகள்.
ஏஞ்சல் மீன் என்று பெயர்;
இப்போதைக்குக் கண் வைத்த நூல்துண்டுகள்.

மூன்றாம் நாள் தண்ணீர் பளிங்காய் இருந்தது.
குஞ்சுகள் மேல்மட்டத்தில்
வாய் பிளந்து தொங்கின.
சோதனைக் குழாயில் சொட்டு விட்டேன்.
மஞ்சளாய் நிற்க வேண்டியது
பச்சை.
பச்சையைக் கண்டு பிரேக் போட்டது
என் பிழைப்பில் அதுவே முதல் தடவை.

பிறகு வாளி, மெல்லிய குழாய், வாளி.
தின்னாமல் விட்டதும் தின்று விட்டதும்
அடியில் சாம்பலாய்ப் படிந்திருந்தன.
உறிஞ்சி வெள்ளை வாளியில் இறக்கி
டார்ச் அடித்துத் தேடினேன்.
அசைந்தவற்றைக் கரண்டியில் ஏந்தித்
திருப்பி அனுப்பினேன்.
அசையாதவற்றை எண்ணவில்லை.

ஓஸ்ட்ராவாவின் மறுகோடியில்
ஓட்டிலியே ஹ்ருஷ்கோவா, டிஸ்கஸ் வளர்ப்பவள்,
தன் தொட்டியிலிருந்து ஒரு பஞ்சை உருவினாள்.
காபிச் சக்கை நிறம்.
மழை நின்ற தோட்டத்தின் வாசம்.
"ஏழு வருஷத்து அழுக்கு. பிழிந்துவிடாதே.
பை வாயை இறுக்கிக் கட்டாதே, மூச்சு முட்டும்."
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்கள்,
குஞ்சுகளின் கழிவைத் தின்று
குஞ்சுகளைப் பிழைக்க வைப்பவர்கள்.
எங்கள் வீட்டில் இருந்தவர்களைத்தான்
அவன் வெந்நீரில் அவித்திருந்தான்.

வெளியே மைனஸ் பதினொன்று.
கோட்டுக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு
டிராமில் பயணியாய் உட்கார்ந்தேன்.
பக்கத்தில் இருந்தவர்
மூக்கைச் சுளித்து இடம் மாறினார்.
ஈரம் உள்பாவாடைவரை ஊறியது.

நாற்பத்தொன்று மிஞ்சின.
இப்போது துடுப்பு முளைத்து
ஒன்றையொன்று துரத்துகின்றன.

"ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா?"
படிக்கட்டிலேயே நின்றான் ராடிம், இறங்காமல்.
இந்த ஒன்பது நாளில்
வீட்டு ஜன்னல்களை எல்லாம் துடைத்துவிட்டான்,
பழைய கடிதங்களை எரித்துவிட்டான்,
சுவருக்கு வெள்ளைகூட வாங்கி வந்திருக்கிறான்.

அவன் ஒட்டிய சீட்டைத் திருப்பி
'தொடாதே' என்று எழுதினேன்.
அடித்தேன்.
'தொட்டியில் எடுத்த தண்ணீரில்
இரண்டே அமுக்கு. மீதி இருக்கட்டும்.'

வாளியை அவன் பக்கம் நகர்த்தினேன்.
இறங்கி வந்தான்.
சட்டைக் கையை மடிக்கச் சொன்னேன்.