இருபது மீற்றர் இடைவெளி

ஆறு மணிக்கு இதே இடம் என்றேன்.
நஸ்வார் ஆட்டோவை நிற்பாட்டாமலே கேட்டார்,
தனியவா?
தனியத்தான்.
ஆறரைக்குப் போன் அடிப்பன்,
ஏழுக்குப் பொலிசுக்குச் சொல்லுவன் என்று
கன்னியாப் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பதினொரு வருடமாய் இந்த மலைகளை
மேசையில் வைத்துத்தான் பார்த்திருக்கிறேன்.
நில அளவைத் திணைக்களம், இரண்டாம் மாடி,
மின்விசிறி எட்டாத மூலை.
சமவுயரக் கோடுகள் எல்லாம் என் கையால் போனவை:
பழுப்பு மை, இருபது மீற்றருக்கு ஒன்று.
நெருங்கினால் செங்குத்து, விலகினால் நடக்கலாம்.
ஐந்து உச்சி, ஐந்து மூடிய வளையம்.
ஒரு நெருப்புப்பெட்டியை வைத்தால் எல்லாம் மறைந்துவிடும்.

முதலாவது வளையத்துக்கே இரண்டு மணித்தியாலம்.
சட்டைக் கையைப் பிடித்த சூரை முள்ளை
ஒவ்வொன்றாய்க் கழற்ற,
கடன்காரனுக்குத் தவணை சொல்லும் பொறுமை வேண்டியிருந்தது.
எட்டரைக்கே பாறை சுட்டது.

இரண்டாவதில் பாலை பழுத்திருந்தது.
ஒரு மரத்தில் பட்டை கிழிந்து
ஐந்தைந்தாய் நகக் கோடு.
அடியில் கரடி போட்டுவிட்டுப் போனது
முழுக்கக் கொட்டை,
இன்னும் ஈரம்.

சத்தம் போட்டுக்கொண்டு நட என்பார்கள்.
பாட்டு ஒன்றும் வாயில் வரவில்லை.
பதினாறாம் வாய்ப்பாடு வந்தது.
ஒரு பதினாறு பதினாறு,
இரு பதினாறு முப்பத்திரண்டு,
ஏழில் பிழைவிட்டுத் திரும்பவும் ஒன்றிலிருந்து.
நாற்பத்துமூன்று வயதுப் பெண்ணொருத்தி
ஒரு மலை முழுக்கக் கத்திக்கொண்டு போனதை
காடு கேட்டது, திருத்தவில்லை.

மூன்றாவதின் மேல் நின்றால் கடல்.
கொட்டியாரக் குடா
வெயிலில் காயப்போட்ட தகரம்.
சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளின் முதுகு,
மாவாலை, துறைமுகத்தில் ஒரு கப்பல்,
என் அலுவலகக் கூரை எங்கோ
சுண்டுவிரல் நகத்துக்குள்.
கோணேசர் மலை
இங்கிருந்து பார்க்க ஒரு வாசற்படி.

பையில் கச்சான், முகத்தில் கச்சான்.
ஒன்றை நான் உடைத்துத் தின்றேன்,
மற்றது என்னை.

நாலாவதில் மண்மூட்டை கிழிந்த பழைய சென்றி.
பக்கத்தில் முழங்கால் உயரக் கொங்கிறீற்றுத் தூண்;
என் தாளில் அது சின்ன முக்கோணம், நடுவில் புள்ளி.
பித்தளைத் தகட்டை யாரோ கெல்லி எடுத்திருந்தார்கள்.
பழைய சாமான்காரன் எவ்வளவு கொடுத்திருப்பான்?
இந்த ஏற்றத்துக்கு
கூலி கூடக் கட்டியிராது.
குழிக்குள் கொஞ்சம் மண், ஒரு புல்.

ஐந்தாவதுக்கு நான் வரைந்தது ஒரு வளையம்.
நின்றதோ இரண்டு பாறை.
நடுவில் வெட்டுப்போல ஒரு பிளவு,
கீழே காயா மரங்களின் தலை.
கல்லொன்றைப் போட்டேன்.
ஒன்று, இரண்டு என்பதற்குள் சத்தம்.
பதினைந்து மீற்றர் இருக்கும்.
கோடு இருபதுக்கு ஒன்று.
ஆகவே பிழை யாருடையதும் அல்ல,
திணைக்களத்தின் விதிப்படி அந்தப் பள்ளம் இல்லை.

இல்லாத பள்ளத்தின் விளிம்பில்
காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு
ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்றேன்.
அந்தப் பக்கப் பாறை
என்னிலும் ஓர் ஆள் உயரம் கூட.
உச்சி அதுதான்.
அதில் ஒரு கடற்கழுகு இருந்தது,
வெள்ளை வயிறு, குடாவைப் பார்த்தபடி.
என் பக்கம் திரும்பவே இல்லை.

சுற்றிப் போக வழி இருந்திருக்கலாம்.
தண்ணீர் அரைப் போத்தல்.
நேரம் இரண்டேமுக்கால்.
கச்சான் கோதுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டேன்,
அதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்தேன்.

இறக்கத்தில் வாய்ப்பாடு இல்லை,
தொண்டை வறண்டிருந்தது.
இடது முழங்கால்தான் கதைத்துக்கொண்டு வந்தது.

நஸ்வார் போனைக் கையில் வைத்தபடி நின்றார்.
அஞ்சும் ஏறினீங்களா?
நாலேமுக்கால் என்றேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
காத்திருந்ததுக்கு நூற்றைம்பது என்றார்.
மணிக்கூட்டைப் பார்த்தேன்,
இருபது நிமிசம்.
கணக்குச் சரி.