வலது மணிக்கட்டு

வெருலம், இரவு பத்தேகால்.
மின்வெட்டு முடிந்து
ஜெனரேட்டர் இருமி ஓய்ந்ததும்
எக்ஸ்ரே அறைத் திரை மறுபடி விழித்தது.
செயற்கை நுண்ணறிவு என்று
போன மார்ச்சில் கொண்டுவந்து இணைத்தார்கள்.
நாங்கள் 'மஞ்சள்' என்கிறோம்.
எலும்பில் முறிவைக் கண்டால்
மஞ்சளாக ஒரு கட்டம் போடும்,
ஓரத்தில் ஒரு சதவீதம் எழுதும்.
அவ்வளவுதான் அதன் பேச்சு.

அதோடு நான் சண்டை போட்டிருக்கிறேன்.
எட்டு வயதுப் பையனின் எலும்பு
வளர்கிற இடத்தைப் பார்த்து
உடைந்துவிட்டது என்று அது கட்டம் கட்டியபோது
பல்லைக் கடித்தேன்.
ஆனால் ஒரு நாள் விடிகாலை நாலு மணிக்கு
கொட்டாவியோடு நான் சரியென்று தள்ளிவிட்ட இடுப்பைத்
திருப்பிக் கூப்பிட்டதும் அதுதான்.
அந்த அம்மா நடந்தே வந்திருந்தார்.
நடந்தே போயிருப்பார்.

தம்பிரான் ஐயா டாக்சிப் படியில் கால் தவறி விழுந்து வந்தார்.
எழுபத்து மூன்று.
டொங்காட் சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம்.
இடது கையை
வேறு யாருடையதோ போல ஏந்தியிருந்தார்.
"ரெண்டு கையையும் எடும்மா."
சீட்டில் இடது மட்டும்தான்.
டாக்டர் ஹ்லோங்வாவிடம் போய் நின்றேன்.
'ஒப்பிட்டுப் பார்க்க' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

இடது: கட்டம் இல்லை. வெறும் சுளுக்கு.
வலது:
திரை ஒரு கணம் தயங்கியது.
பிறகு கட்டைவிரலின் அடியில்
முந்திரிப்பருப்பு அளவு எலும்பைச் சுற்றி
மஞ்சள்.
94.

படகெலும்பு என்று அதற்குப் பெயர்.
கைக்குள் ஒரு படகு, இரண்டு துண்டாக.
(எங்களை இங்கே கொண்டுவந்து இறக்கிய கப்பல்களைப் பற்றி
இந்த இடத்தில் ஒரு வரி எழுதலாம்.
எழுதமாட்டேன்.
அவர் விழுந்தது கப்பலில் அல்ல,
கரும்புச்சாறு சிந்திய இரும்புப் படியில்.)

"இன்றைக்கு உடைந்ததல்ல" என்றார் டாக்டர்.
"விளிம்பைப் பார், வெளுத்து இறுகிக் கிடக்கிறது.
சேராமலே வருஷக்கணக்கில்."
மஞ்சளுக்கு வருஷம் தெரியாது.

ஐயாவுக்குத் தெரிந்திருந்தது.
"எண்பத்து மூணு, ஜூலை. அரவை உச்சத்துல இருக்கு.
ஆலை டாக்டர் படத்தை ஜன்னலுக்கு நேரா பிடிச்சான்,
ஒண்ணுமில்லைன்னான்.
மூணாம் நாள் வேலைக்குப் போயிட்டேன்.
வாளி தூக்க முடியல.
'சோம்பேறிக் கை'ன்னு பேர் வெச்சான் ஃபோர்மன்.
ஆலை முழுக்க அதே பேர்.
என் கல்யாணத்துலகூட."

கட்டத்தோடு ஒரு பிரதி கேட்டார்.
யாரிடம் காட்ட?
அந்த டாக்டர் போய்ச் சேர்ந்தாயிற்று.
நஷ்ட ஈடு கேட்கப் போகிறாரா என்றேன்.
"அதெல்லாம் இல்லம்மா.
ஃபோர்மன் சின்னராஜு, என் மச்சினன்.
அவன் தங்கச்சியைத்தான் கட்டினேன்.
ரெண்டு தெரு தள்ளி இருக்கான்.
ஞாயித்துக்கிழமை பிரியாணிக்கு வருவான்.
தட்டுக்குப் பக்கத்துல வெக்கணும்."

மஞ்சள் போடும் கட்டம் அச்சில் வராது.
அது அபிப்பிராயம், அறிக்கை அல்ல;
விதி அப்படி.
வெறும் எலும்பைத்தான் அச்சடிக்க முடிந்தது.
சாம்பலில் சாம்பல்.
ஜன்னலுக்கு நேரே பிடித்தால்
யாரும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள்.

மேஜையில் ஒரு மஞ்சள் மார்க்கர் கிடந்தது.
திரையைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன்.
என் கட்டம் கொஞ்சம் கோணல்.
"நம்பரும் போடு."
நூறாகப் போட்டுவிடட்டுமா,
நாற்பது வருஷத்து வட்டி சேர்த்து, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"அது என்ன சொல்லிச்சோ அதை மட்டும் எழுது."

எழுதினேன்.
இடது கை தூளிக்கட்டில் இருந்தது.
வலதை நீட்டி வாங்கிக்கொண்டார்.