மெழுகுத்தாளில் கோடு இழுப்பது பற்றி

செயலாளர் எவுசேபியோ லர்ரஞாகா
எழுதித் தரும் தாள்களில் சிவப்புப் பென்சில் நிற்காது.
'உடனே' என்றால் கீழே ஒரு கோடு.
'தோழர்களே' என்றால் இரண்டு.
ஒருமுறை முற்றுப்புள்ளிக்கும் போட்டிருந்தார்.
இதை என்ன செய்வது என்று கேட்டேன்.
அழுத்தமாக முடி, ஜுல்மா, என்றார்.

காகிதம் பொறுத்துக்கொள்ளும்.
ஸ்டென்சில் பொறுக்காது.
பைசாண்டு நகரில், ரோமம் கழுவும் ஆலையின் சங்கத்தில்
பதினோரு வருஷம் தட்டச்சு அடித்தவள் சொல்கிறேன்:
நாடாவை விலக்கிவிட்டு வெறும் இரும்பால்
மெழுகுத்தாளைத் தட்டினால்
எழுத்துக்கு ஒரு துளை.
துளைக்கும் துளைக்கும் நடுவே
மூச்சு விட இடம்.
கோட்டுக்கு அந்த இடம் இல்லை.
கோடு என்பது ஒரே வெட்டு.

பெட்டியின் மூடியில் அச்சிட்டே கொடுத்திருந்தார்கள்:
அடிக்கோடு இடும்போது மெதுவாக.

அதனால் நான் அவர் கோடுகளைத் திருடினேன்.
பத்துக்கு ஒன்பதை விழுங்கிவிடுவேன்.
மிஞ்சிய ஒன்றுக்கும் கோடு கிடையாது,
எழுத்துகளைத் தள்ளித் தள்ளி உட்கார வைப்பேன்,
சாவு வீட்டில் சண்டைக்காரச் சொந்தங்களைப் போல.
அவர் கவனித்ததே இல்லை.
உரக்கப் பேசுகிறவர்கள்
தங்கள் குரல் குறைந்ததைக் கவனிப்பதில்லை.

ஆகஸ்ட், செவ்வாய், இரவு பதினொன்றரை.
ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி மாடிப்படி வரை.
பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது என்று வந்தார்,
தொண்டை கட்டிப்போய்.
நீட்டிய தாளில் ஒரே ஒரு கோடு.
பதினோரு வருஷத்தில் முதல் தடவை
ஒரே ஒரு கோடு.

'இன்று வேலைநிறுத்தம் இல்லை.'

எங்கள் மொழியில் அந்த 'இல்லை' இரண்டே எழுத்து.
வாக்கியத்தின் நடுவில் நிற்கும்,
வேலியில் ஒரு சின்னக் கதவு மாதிரி.
கழற்றி எடுத்தாலும் வேலி விழாது.

இந்தக் கோட்டுக்காவது மரியாதை செய்யவேண்டும் என்று தோன்றியது.
இரண்டு எழுத்து அடித்தேன்,
இரண்டு தரம் பின்னால் வந்தேன்,
இரண்டு தரம் கோட்டை அடித்தேன்.
மெதுவாக அடிக்கவில்லை.
நானும் களைத்திருந்தேன்,
நானும் ஒருமுறை உரக்கச் சொல்ல விரும்பினேன்.

முதல் நாற்பது படி சுத்தம்.
பிறகு அந்த வட்ட எழுத்தின் வயிறு உதிர்ந்தது.
கோடு வாய் திறந்தது.
மை வழிந்து சொல்லை மூடியது.
உருளையைச் சுற்றிய நெல்சன் பாதித் தூக்கத்தில்;
நான் அடுப்பில் மாத்தே தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தேன்.
இருநூற்று அறுபது படி
அப்படியே வாசலுக்குப் போயின.

விடியலில் விளக்குக் கம்பத்தடியில் படித்தார்கள்:
இன்று, ஒரு கருப்புப் பட்டை, வேலைநிறுத்தம்.
பட்டையைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை.
இவ்வளவு தடித்த மை
'ஆமாம்' என்றுதானே சொல்லும்!

நான் போட்டது கோடு.
அவர்கள் ரோடே போட்டுவிட்டார்கள்:
ஆலை வாசலிலிருந்து துறைமுகம் வரை
முந்நூறு பேர்,
சத்தம் இல்லாமல்,
கையை அக்குளில் செருகிக்கொண்டு.
கழுவுதொட்டிகளில் ரோமம் ஊறிக் கிடந்தது.

சுத்தமான நாற்பது படிகளில் ஒன்று
பத்து மணிக்கு அவர்கள் கைக்குக் கிடைத்தது.
உள்ளே போனார்கள்.
அரை நாள் கூலி போனது.
யாரும் எதையும் வெல்லவில்லை.

எவுசேபியோ என்னைத் திட்டவில்லை.
அடுத்த அறிக்கையில் ஒரு கோடுகூட இல்லை;
படித்தால் காய்ச்சல்காரன் பேசுவது போல இருந்தது.
பெட்டி மூடியிலிருந்த 'மெதுவாக' என்ற சொல்லுக்குக் கீழே
அவருடைய சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன்.
அட்டை கிழியவில்லை.

வெள்ளிக்கிழமை நியேவெஸ் பின்டோஸ் மாடியேறி வந்தாள்,
சிக்கெடுக்கும் பிரிவு, இருபது வருஷம்.
கூலிக் கணக்குக் கேட்க என்று நினைத்தேன்.
மடித்து வைத்திருந்த படியை மேசையில் பிரித்தாள்.
கருப்புப் பட்டை இன்னும் விரலில் ஒட்டியது.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு
ஆறு எப்படி இருக்கும் என்று
எனக்குத் தெரியாது, ஜுல்மா.
பழுப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு, கதவருகே நின்று:
அடுத்த வாரமும் கொஞ்சம்
அழுத்தி அடி.