எழாத புகை

நாலாயிரத்து நானூற்றுப் பதினேழாம் அடுப்பு
எனெலேசி மலுங்காவின் பெயரில் இருக்கிறது.
ஷீரே ஆறு இரண்டாம் முறை ஊருக்குள் வந்துபோன
ஆறாவது வாரம்.
எது வரப்பு எது வாய்க்கால் என்று
சேறு இன்னும் பிரித்துச் சொல்லவில்லை.
நான் பிளான்டைரிலிருந்து வந்தவன்.
அடுப்பு எண்ணுவது என் வேலை.
ஓர் அடுப்புக்கு முந்நூறு குவாச்சா,
படம் தெளிவாக இருந்தால்.

களிமண் அடுப்பு. விறகு பாதிதான் கேட்கும்.
மீதிப் பாதி காட்டிலேயே நிற்கும், புகையாக மாறாமல்.
மாறாத அந்தப் புகையை டன் கணக்கில்
எங்கோ ஒரு விமானக் கம்பெனி வாங்கிக்கொள்ளும்.
பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள்.
அம்புக்குறிகள் எல்லாம் பச்சை.
தன் வீட்டில் எழாத புகை இனித் தன்னுடையதல்ல என்று
எனெலேசி கட்டைவிரல் வைத்த தாள்
என் பையில் இருந்தது, உறைக்குள்,
நனையாமல்.

அவள் மூன்று கல் கூட்டி
அண்டா நிறைய அல்லிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள்.
முதலை கிடக்கும் குட்டையில்
இடுப்பளவு நீரில் நின்று பிடுங்கியது.
கசப்பு இறங்க அரைநாள் கொதிக்க வேண்டுமாம்.
'உங்கள் அடுப்பில் இந்த அண்டா உட்காராது, தம்பி'
என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.
எரிவது என்ன விறகு என்று குனிந்து பார்த்தேன்.
நீலச் சாயம் ஒட்டிய பலகை.
ஒருகாலத்தில் கதவு.
யார் வீட்டுக் கதவு என்று
இழுத்து வந்த ஆற்றுக்கும் தெரியாது.

கைபேசியில் கேள்விகள் வரிசையாக வந்தன.
அடுப்பு உள்ளதா? உள்ளது.
வாரத்தில் எத்தனை நாள் சமையல்?
அதற்குச் சிரித்தாள்.
'நடக்காத ஒன்றை விற்கலாம் என்றா சொல்கிறாய்?'
ஆமாம் என்றேன். ஏறக்குறைய.
ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

'அப்படியானால் எழுதிக்கொள்.
டிசம்பரில் பெய்யாத மழை.
அதனால் மூன்று தடவை விதைத்தும்
முழங்கால் தாண்டாத மக்காச்சோளம்.
மார்ச்சில் பெய்ததை எழுத வேண்டாம்,
அது நடந்துவிட்டது.
ஆறு வருஷமாகக் கட்டாத பாலம் ஒன்று.
பாலம் இல்லாமல் வராத மருத்துவச்சி.
அவள் வராததால்...'

அங்கே நிறுத்தி
கிழங்கைக் கரண்டியால் புரட்டினாள்.
வெகுநேரம் புரட்டினாள்.
'எத்தனை டன் வரும் இதெல்லாம்?'

படிவத்தில் 'மற்றவை' என்று ஒரு கட்டம் உண்டு.
நாற்பது எழுத்துக்கு மேல் ஏற்காது.
'பெய்யாத மழை' என்று தட்டினேன்.
அழித்தேன்.

அடுப்பைக் காட்டச் சொன்னேன்.
வீடு இருந்த இடத்தில் இரண்டு தகரம்,
மேலே ஒரு மீன்வலை, பறக்காமலிருக்க.
அடியில் அடுப்பு, எண் அழியாமல்.
அதற்குள் உலர்ந்த புல். புல்லின் மேல்
கழுத்தில் இறகில்லாத சிவப்புக் கோழி.
'கூரையில் ஏறித் தப்பியது இது ஒன்றுதான்.
ஒன்பது முட்டை இருக்கிறது.
பத்தாவதை நான் தின்றேன்,
பொய் சொல்ல மாட்டேன்.'

கடைசிக் கேள்வி:
அடுப்பைத் தொட்டுப் பார்க்கவும். சூடாக உள்ளதா?
கோழி கொத்தியது. மறுபடியும் கொத்தியது.
பிறகு என்ன நினைத்ததோ, விட்டுவிட்டது.
உள்ளங்கையை மெல்ல அடியில் நுழைத்தேன்.

'ஆம்' என்பதைத் தொட்டேன்.
இறகு தெரியாதபடி சாய்த்துப் படம் எடுத்தேன்.
மின்கலம் பதினொரு சதவீதம்.
அடுத்த எண் ஆற்றுக்கு அக்கரையில்;
படகுக்காரன் கத்தத் தொடங்கியிருந்தான்.
எனெலேசி இலையில் இரண்டு கிழங்கு வைத்து நீட்டினாள்.
நின்றபடியே தின்றேன்.
கசப்பு இன்னும் முழுதாக இறங்கவில்லை.
அவளிடம் அதைச் சொல்லவில்லை.