எட்டுத் தடம், இரண்டு வாசல்

கல்யாணங்களில் வாசித்த காசும்
காப்பி டப்பாவில் விழுந்த சில்லறையும்
சேர்த்து நானூற்றுப் பத்து யூரோ.
கணக்கு என் கையில்.
டபுள் பேஸ் வாசிக்கிறவளிடம்தான்
எல்லாரும் பணத்தைக் கொடுத்துவைக்கிறார்கள்,
அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்பதால்.

வில்யாண்டியில் டிசம்பர். மூன்றரைக்கே இருட்டு.
பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்த காரெல்
பூட்ஸைக் கழற்றாமலே சொன்னான்:
"பார்னுவில் ஒருத்தர் விற்கிறார்.
எட்டுத் தடம். நூற்றைம்பதுதான்."
பனியில் நூறு கிலோமீட்டர் போனோம்.
பெட்டி பளபளவென்றுதான் இருந்தது.
திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன்:
ஒரே நேரத்தில் இரண்டு மைக்தான் செருகலாம்.
எட்டு அறை கட்டி
இரண்டே வாசல் வைத்த வீடு.
நாங்கள் நாலு பேர்,
ஒரே மூச்சில் உள்ளே நுழைந்து பழகியவர்கள்.
வரிசையில் நின்று
ஒருவர் பின் ஒருவராய் வரத் தெரியாது.
விற்கிறவர் காப்பி கொடுத்தார்.
குடித்துவிட்டு
வெறுங்கையோடு திரும்பினோம்.

"கம்ப்யூட்டரில் போட்டுவிடலாம்" என்றார் ஊர்மாஸ்.
என் லேப்டாப்பைத் திறந்தோம்.
ஐந்தாம் நிமிஷம் அதன் விசிறி
தலைமுடி காயவைக்கும் மிஷின் மாதிரி கிளம்பியது.
மாரித் அதையே கொஞ்ச நேரம் கேட்டாள்.
"இது வாசித்தால் போதுமே, நான் எதற்கு?"

மாரித்தின் கன்னெல் மடியில் கிடந்து பேசும்.
பக்கத்தில் யாராவது சாவிக்கொத்தைத் தவறவிட்டால்
சாவிதான் ஜெயிக்கும்.
அதற்குக் கண்டென்ஸர் மைக் வேண்டும்.
மைக்குக்கு நாற்பத்தெட்டு வோல்ட் வேண்டும்.
அதைப் பேய் மின்சாரம் என்றார் கடைக்காரர்:
ஒலி வரும் கம்பியிலேயே எதிர்த்திசையில் ஏறி
கண்ணுக்குத் தெரியாமல் மைக்கை எழுப்புமாம்.
"பேய்க்குத் தனி வாடகையா?"
காரெல் நிஜமாகவே கேட்டான்.

கடைசியில் அமைந்தது இது:
நாலு வாசல் உள்ள கைப்பெட்டி,
ஒருமுறை கீழே விழுந்தது, மூலையில் வெடிப்பு, இருநூற்று இருபது.
கண்டென்ஸர் ஒரு ஜோடி தொண்ணூறு.
பள்ளிக்கூடம் கழித்துக்கட்டிய சாதா மைக் இரண்டு, நாற்பது
(ஒன்றில் சாக்பீஸ் வாசனை).
கேபிள் நாற்பத்து நாலு. கேபிளை யாரும் யோசிப்பதே இல்லை.
ஸ்டாண்டுக்குப் பணம் ஒதுக்கவில்லை;
நாற்காலி முதுகில் பனிச்சறுக்குக் கழியைக் கட்டினோம்.
மிச்சம் பதினாறு.

ஊர்மாஸின் சவ்னா. அடுப்பு மூட்டாத சவ்னா.
மரச்சுவர் ஒலியை விழுங்கிவிடும் என்றார்.
விரல்களையும் விழுங்கியது.
குளிர்பெட்டி உறுமுகிறதென்று
அதன் பிளக்கைப் பிடுங்கினேன்.
பதினோரு முறை வாசித்தோம்.

ஒன்பதாவது நன்றாக இருந்தது,
இரண்டாம் சுற்றில் ஊர்மாஸ் ஓரிடத்தில் வழுக்கியது தவிர.
"அதனால்தானே தனித்தனித் தடம்" என்றான் காரெல்,
ஃபிடிலை மட்டும் அணைத்தான்.
வழுக்கல் போகவில்லை.
கன்னெலின் மைக்கில் இருந்தது, மெலிதாக.
கிதாரின் மைக்கில் இருந்தது.
சாக்பீஸ் மைக்கில், என் கட்டைக் குரலுக்குப் பின்னால்,
நன்றாகவே இருந்தது.

ஊர்மாஸ் தொப்பியைக் கையில் எடுத்துத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
யாரும் எதுவும் பேசவில்லை.
நான் ஹெட்ஃபோனை வாங்கி
என் தடத்தை அணைத்துப் பார்த்தேன்.
போய்விடுவேன் என்றுதான் நினைத்தேன்.
மூன்று பேரின் மைக்கிலும்
கொஞ்சம் கொஞ்சமாக நின்றிருந்தேன்,
யாரும் அழைக்காமலே.

நாற்காலிகளை ஒரு முழம் தள்ளிப் போட்டு
நாளைக்கு மறுபடி என்று முடிவானது.
அப்போதுதான் மாரித் தரையைக் காட்டினாள்:
குளிர்பெட்டிக்கு அடியிலிருந்து
சிவப்பாக ஒரு கோடு.
ஊர்மாஸ் இலையுதிர்காலத்தில் வேட்டையாடிய எல்க் மான்,
ஆறு கிலோ,
முழுக்க உருகி.

பதினாறு யூரோவுக்கு
வெங்காயமும் உருளைக்கிழங்கும் வாங்கினேன்.
கணக்கு நோட்டில் எழுதினேன்:
ஒலிப்பதிவுச் செலவு.