கவிழ்த்துப் பார்த்தல்

முதலில் எடை கேட்பேன்.
யாரும் உண்மை சொல்வதில்லை.
கூச்சத்தில் ஐந்தாறு கிலோ மறைப்பார்கள்,
மனதுக்குள் நான் கூட்டிக்கொள்வேன்.
அடுத்தது, பையில் உள்ளதெல்லாம் வெளியே:
சாவிக்கொத்து, சில்லறை, பீடிக்கட்டு,
பழனித் திருநீற்றுப் பொட்டலம்,
கடைசியில், மனசே இல்லாமல், செல்போன்.
மீனாட்சிபுரத்தின் ஞாயிற்றுக்கிழமை
ஒரு பிளாஸ்டிக் வாளியில் அடங்கிவிடும்.

இரண்டே இருக்கை.
முன்னால் வந்தவர், பின்னால் நான்.
எனக்குத் தெரிவது பிடரி மட்டும்.
பயம் முகத்துக்கு வருமுன்
அங்கேதான் வந்து நிற்கும்,
முடி வெட்டிய கோட்டுக்குக் கீழே
இரண்டு விரல் அகலத்தில்.

ஆனியில் கணவாய்க் காற்று
கல்யாணப் பந்தியில் தெரியாதவன்
தோளில் கைபோடுவதுபோல வரும்.
அதன் போக்கிலேயே எழும்பி
பனைகளைத் தாண்டி
மூவாயிரம் அடி போனதும் கேட்பேன்:
"போலாமா?"

தேங்காய் மண்டி நாச்சிமுத்து
தரையிலேயே பேரம் பேசியிருந்தார்,
ரெண்டு சுற்று விலைக்கு மூணு.
முதல் சுற்று முடியுமுன்
காலையில் தின்ற ஆப்பத்தைப் பையில் எடுத்து
"மிச்சம் ரெண்டும் உங்களுக்கே" என்றார்.

சதாசிவன் பாலக்காட்டு ஆபீசில்
இருபத்திரண்டு வருஷம்
மலையாளம் தவிர வேறு பேசாதவர்.
உச்சியில் தலைகீழாகத் தொங்கியபோது
அவருக்குள்ளிருந்து விழுந்தது
"ஏ ஆத்தா!"
இறங்கியதும் சட்டையைச் சரிசெய்து
"நன்னாயி" என்று கை கொடுத்தார்.
நான் ஒன்றும் கேட்கவில்லை என்பதாக
நானும் கை கொடுத்தேன்.

சுலைகா கடைசியாக வந்தாள்.
எடை கேட்டேன். "அறுபத்தெட்டரை."
அந்த அரையைக் கேட்டதும்
நிமிர்ந்து பார்த்தேன்.
சாவடியில் பால் வண்டிகளைச் சோதிப்பவளாம்.
ஓணம் நெருங்கினால் இரவும் பகலும்
குழாயை ஆட்டு, கவிழ், வெளிச்சத்தில் பிடி.
"எத்தனை ஆயிரம் தடவை கவிழ்த்திருக்கேன்.
உள்ளே இருக்கிறதுக்கு எப்படி இருக்கும்னு
தெரியணும்."

மூக்கைத் தாழ்த்தி வேகம் சேர்த்து
குச்சியை வயிற்றுக்கு இழுத்தேன்.
நாலு மடங்கு கனத்தது உடம்பு,
கன்னம் தாடையை விட்டு இறங்கப் பார்த்தது.
ஏறத் தொடங்கியது கேரளத்தில்,
உச்சி தமிழ்நாட்டில்.
வரிசையாய் நின்ற லாரிகள்
எங்கள் தலைக்கு மேலே
கூரையில் ஒட்டிய பல்லிகள்.
பெர்மிட் கேட்க ஆளில்லை.
எஞ்சின் குரல் தணிந்து
எல்லாமே எடையிழந்த அந்த மூச்சில்
அவள் பிடரி அசையவில்லை,
காதோரத்தில் ஒரு மயிரிழை மட்டும்
மேலே எதுவென்று தெரியாமல் நின்றது.

அப்போது பார்த்தேன்,
அவளுடைய பையிலிருந்து புறப்பட்டு
எங்கள் இருவருக்கும் நடுவில்
அவசரமே இல்லாமல் மிதந்தது
ஒரு ரப்பர் மூடி.
அழகாக இருந்தது. எனக்கு உயிர் போனது.
நெல்லிக்காய் அளவு மூடி
கம்பிகளுக்கிடையே போய் உட்கார்ந்தால்
குச்சி திரும்பாது,
குச்சி திரும்பாவிட்டால் நாங்களும்.

பூமி தன் இடத்துக்கு வந்தது.
மூடியைக் காணோம்.
எதையும் வெடுக்கென்று திருப்பாமல்
தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல
விமானத்தைத் தரையில் வைத்தேன்.
திட்டுவதற்கு வாய் திறந்தபோது
அவளே சொன்னாள்: "தப்பு என்னோடது.
டார்ச் இருக்கா?"

அதற்குப்பின் யாரையும் ஏற்றவில்லை.
வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு
வாளியைச் சுற்றிக் கூடி
அவரவர் சாவியைப் பொறுக்கிப் போனார்கள்.
ஒவ்வொரு தகடாய்க் கழற்றினேன்,
அவள் வெளியே நின்று வெளிச்சம் பிடித்தாள்.
கை நடுங்காத வெளிச்சம்.
இருட்டி வெகுநேரம் கழித்து
குச்சியின் அடியில், தோல் உறைக்குள் கிடந்தது.

வாங்கித் துடைத்தாள், முகர்ந்தாள்.
"எண்ணெய் வாசம். இனி பாலுக்கு ஆகாது."
என் கையில் வைத்துவிட்டு
சாவடிப் பக்கம் நடந்தாள்,
இரவு ஷிப்ட்.

உள்ளே இருப்பதற்கு எப்படி இருந்தது என்று
நான் கேட்கவே இல்லை.
மூடி இப்போது வாளியின் அடியில் கிடக்கிறது,
ஞாயிறுதோறும்
மற்றவர்களின் சில்லறைக்குக் கீழே.